ஸ்டீம் அட்டைப்படம்: ஸ்கிரீன்ஷாட்டா, ஓவியமா, வெறும் லோகோவா?

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கேம் போடும்போது ஸ்மால் கேப்ஸ்யூல் என்று ஒரு படம் கேட்பார்கள், 462-க்கு 174 பிக்சல். நாம் ஏற்றிய பிறகு அதையே 184-க்கு 69 என்றும் 120-க்கு 45 என்றும் ஸ்டீம் தானாகச் சுருக்கிக்கொள்ளும். 45 பிக்சல் உயரம் என்றால் சாதாரண எழுத்தில் மூன்று வரி வைத்தாலே இடம் முடிந்துவிடும். நம் கேமைக் கேள்விப்படாத ஒருவர் தேடல் முடிவுகளை உருட்டிக்கொண்டே போகும்போது முதலில் பார்ப்பது இந்தத் துணுக்கைத்தான். நாமோ முழுத்திரையில் விரித்துவைத்து, மேகத்தின் நிழல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். அதனால் இந்த அலசலில் எல்லா வழிகளையும் அந்தத் துணுக்கு அளவில் வைத்துத்தான் பார்க்கப்போகிறேன்.

முதலில் ஸ்கிரீன்ஷாட். கேமிலிருந்து ஒரு காட்சியை எடுத்து மேலே லோகோவை ஒட்டுவது. செலவில்லை, பொய்யுமில்லை. ஆனால் ஸ்கிரீன்ஷாட் என்பது முழுத்திரையில் விளையாடுபவரின் கண்ணுக்காக அமைந்த காட்சி. அதில் உயிர்ப்பட்டை, மினிமேப் என்ற குட்டி வரைபடம், பத்துப் பதினைந்து சின்ன உருவங்கள் எல்லாம் ஒரே எடையில் கிடக்கும். சுருக்கினால் கூழ். போதாததற்கு ஸ்டீம் ஒரே விகிதத்தில் படம் கேட்பதில்லை. ஹெடர் 920-க்கு 430, படுத்த படம். வெர்டிகல் கேப்ஸ்யூல் 748-க்கு 896, நின்ற படம். வாங்கிய கேம்கள் இருக்கும் லைப்ரரிக்கு 600-க்கு 900. ஒரே ஸ்கிரீன்ஷாட்டை இத்தனைக்கும் வெட்டினால் ஒன்றில் நாயகனின் தலை போகும், இன்னொன்றில் வெறும் வானம் மிஞ்சும். எழுத்தும் லோகோவும் இல்லாமல் கேட்கிற லைப்ரரி ஹீரோ என்ற அகலப் பின்னணிக்கு வேண்டுமானால் கேம் காட்சி பொருந்தும். மற்ற இடங்களில் வேண்டாம்.

அடுத்தது காசு கொடுத்து வரையவைக்கும் ஓவியம். பெரும்பாலோர் சொல்லும் பதில் இதுதான், நானும் பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்த மறுபாதிக்கு எங்கள் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து செய்தது ஒரு சீட்டு விளையாட்டு கேம்: கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவன், இரவில் கடலிலிருந்து வருவனவற்றைக் கையில் உள்ள சீட்டுகளை வைத்துச் சமாளிக்க வேண்டும். ஓவியர் அருமையானவர். நள்ளிரவுக் கடல், தூரத்தில் கலங்கரை விளக்கம், முன்னால் முதுகைக் காட்டி நிற்கும் காவலாளி என்று வரைந்து கொடுத்தார். பெரிதாகப் பார்த்தால் சுவரில் மாட்டலாம். நண்பன் ஒருவனிடம் எதுவும் சொல்லாமல் போனில் காட்டினேன். "பேய் கேமா?" என்றான். சீட்டு விளையாட்டு என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இதுல சீட்டு எங்கடா?" என்றான்.

சீட்டே இல்லை! மூன்று வாரம் நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவேயில்லை. அப்புறம் இன்னொன்று: ஸ்டீமின் பின்னணியே கருநீலம், எங்கள் கடலும் கருநீலம். பட்டியலில் வைத்துப் பார்த்தால் படத்தின் விளிம்பு எது, கடையின் பின்னணி எது என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஓவியத்தில் தப்பில்லை, நாங்கள் சொல்லிக் கொடுத்த குறிப்பில்தான் தப்பு. "இருண்ட சூழல், தனிமை" என்று உணர்ச்சியை எழுதிக் கொடுத்திருந்தோம். விளையாடுபவர் கையில் என்ன இருக்கும் என்பதை எழுதவில்லை. இரண்டாம் சுற்றில் காவலாளியைத் திருப்பி, மார்பளவுக்கு வெட்டி, கையில் ஐந்து சீட்டுகளை விசிறியாகப் பிடிக்கவைத்தார். விளக்கின் மஞ்சள் அந்தச் சீட்டுகளின் மேல் விழுந்தது. அவ்வளவுதான் மாற்றம். அந்த நண்பனிடம் காட்டியது போலவே வேறு மூன்று பேரிடம் காட்டினோம், மூவருமே முதல் வார்த்தையாக "சீட்டு" என்றார்கள்.

ஓவியத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கேம் கட்டம் கட்டமாக வரைந்த பிக்சல் கலையில் இருக்கும், அட்டை எண்ணெய் ஓவியம் போல மினுங்கும். அட்டையைப் பார்த்து உள்ளே வந்தவர் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் ஏமாந்த மாதிரி ஆகி வெளியே போய்விடுவார். கிளிக் ஏறும், பிறகு வாங்கலாம் என்று குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட் ஏறாது. அதனால் எனக்கு ஓவியத்தைவிடப் பிடித்த வழி, கேமின் அதே பாணியில் அட்டைக்கென்றே தனியாகப் பெரிதாக வரைவது. பிக்சல் கேம் என்றால் 16 பிக்சல் நாயகனை அப்படியே இழுத்துப் பெரிதாக்காமல், அதே நிறங்களில் அதே கட்டங்களோடு பெரிய முகமாகப் புதிதாக வரைய வேண்டும். அந்தப் பாணிக்குக் கை பழகியவர் கிடைப்பதுதான் கஷ்டம். யார் வரைந்தாலும் சரி, நாயகன், பின்னணி, லோகோ எல்லாம் தனித்தனியே நகர்த்தக்கூடிய லேயராகத் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அளவுக்கும் அவர் வாசலில் போய் நிற்க வேண்டிவரும்.

மூன்றாவது, படமே இல்லாமல் லோகோ மட்டும். சோம்பேறித்தனம் போலத் தெரியும், ஆனால் துணுக்கு அளவில் ஜெயிப்பது பெரும்பாலும் இதுதான். ஸ்மால் கேப்ஸ்யூலில் லோகோ கிட்டத்தட்ட முழு இடத்தையும் நிரப்பட்டும் என்பதுதான் ஸ்டீமின் சொந்த வழிகாட்டியே சொல்வது. அண்டர்டேல் என்ற கேமின் லோகோவைப் பாருங்கள்: வெள்ளைப் பிக்சல் எழுத்து, அதற்குள் ஒரு சின்னச் சிவப்பு இதயம், மறக்க முடிகிறதா? வேம்பயர் சர்வைவர்ஸ் மாதிரி பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும் கேமுக்கும் இது எடுபடும். ஆனால் பெயர் 'நிழல்', 'எதிரொலி' என்று பொதுவாக இருந்தால், லோகோவை எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் அது என்ன கேம் என்று ஒருவருக்கும் புரியாது. பெரிய அளவுகளில் லோகோ மட்டும் நின்றால் மொட்டையாகவும் இருக்கும். ஹாலோ நைட் கேமின் வெள்ளை முகமும் இரண்டு கொம்பும் போல, லோகோவுக்குப் பக்கத்தில் வைக்க ஒரே ஒரு உருவம் கிடைத்துவிட்டால் கவலையில்லை.

ஏஐ படம்? இதில் அதிகம் இழுக்க விரும்பவில்லை. ஏஐ கொண்டு செய்த உள்ளடக்கத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற விதியை ஸ்டீம் 2024 ஜனவரியில் கொண்டுவந்தது, சொன்னது கேமின் பக்கத்திலேயே வாங்குபவர் கண்ணில் படும். அதைப் பார்த்ததுமே பக்கத்தை மூடிவிடும் ஆட்கள் சிறு குழுக்கள் செய்யும் இண்டி கேம்களை வாங்குபவர்களில் நிறைய. அவர்களை இழக்கத் தயார் என்றால் உங்கள் விருப்பம், நான் செய்யமாட்டேன்.

எந்த வழியில் போனாலும், "10/10", விருதின் பெயர், தள்ளுபடி அறிவிப்பு இதையெல்லாம் கேப்ஸ்யூலில் ஒட்ட முடியாது. ஸ்டீமின் விதிப்படி 2022 செப்டம்பர் 1 முதல் கேமின் படம், பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு மட்டும்தான். எனக்கு இதில் மகிழ்ச்சியே, ஒட்டியிருந்தாலும் 45 பிக்சலில் யார் படிக்கப்போகிறார்கள்.

இரண்டு அட்டைகளில் எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றால், கடையைப் பொறுத்தது. கூகுள் பிளேயில் இரண்டு ஐகானை ஏற்றி ஒரே சமயத்தில் வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிட வசதி இருக்கிறது. ஸ்டீமில் கேப்ஸ்யூலுக்கு அப்படி ஒன்று கிடையாது. எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற கணக்கு வரும், அவ்வளவே. அட்டையை மாற்றிவிட்டு முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டால், நடுவில் ஒரு சேல் வந்து கணக்கைக் குழப்பிவிடும். இண்டி கேம்களுக்கான இட்ச் என்ற தளத்தில் அட்டை 630-க்கு 500, ஜிஃப் போட்டால் அசையவும் செய்யும், அதனால் அங்கே நான் சொன்ன பாதி பொருந்தாது: கேம் காட்சியே அசைந்தால் அதைவிட நல்ல அட்டை வேறில்லை.

ஸ்டீமுக்கு என் தேர்வு என்ன என்றால், கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் லோகோவுக்குக் கொடுங்கள், ஓவியத்துக்கு அல்ல. இரண்டுக்கும் போதும் என்றால் கேமின் பாணியிலேயே ஒரு முகம், அதன் கையில் விளையாட்டில் பயன்படும் பொருள். எங்கள் ஸ்மால் கேப்ஸ்யூலில் இப்போது மஞ்சள் எழுத்தில் பெயரும், ஓரத்தில் மூன்று சீட்டும் மட்டும்தான். மூன்று வாரம் வரைந்த அந்தக் கடல் லைப்ரரி ஹீரோவில் இருக்கிறது, கேமை வாங்கியவர்கள் மட்டும் பார்க்கிற இடத்தில். ஓவியருக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.