எல்லநள்ளியிலிருந்து குன்னூருக்கு: சைக்கிளில் மூன்று ஆண்டுகள்

எல்லநள்ளியில் வீடு, குன்னூரில் வேலை. மூன்று ஆண்டுகளாகச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். கேள்விப்படுகிற எல்லோரும், "சாயங்காலம் அத்தனை ஏற்றத்தையும் எப்படி மிதிக்கிறீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். ஏற்றம் என்னை ஒருநாளும் பயமுறுத்தவில்லை. காலை நேரத்து இறக்கம் பலமுறை பயமுறுத்தியிருக்கிறது.

மலை ரயில் கணக்கில், எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கேத்தி ஸ்டேஷன் 2,092 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஸ்டேஷன் ஏறத்தாழ 1,711 மீட்டர். இடையே 10 கிலோமீட்டர் தண்டவாளம். நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர்கூட ஏறவில்லை. செங்குத்தில் ரயில் வழுக்காமல் ஏற, எஞ்சினின் பல்சக்கரம் பற்றிக்கொள்ளும் பல் வைத்த தண்டவாளம் கல்லாறில் தொடங்குகிறது. அது குன்னூருக்கு மேல் தேவைப்படாததும் இதனால்தான். சாலையில் சில இடங்கள் இதைவிடச் செங்குத்து. ஆனாலும் முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது என்று கியரைப் போட்டு மூச்சு வாங்காத வேகத்தில் மிதித்தால், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். முதல் மாதம் வழியிலுள்ள அருவங்காட்டிலேயே இறங்கித் தள்ளினேன். மூன்றாம் மாதம் தள்ளவில்லை.

இனி பிரேக். முதலில் வாங்கியது ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் கட்டை பிரேக் கொண்ட சைக்கிள். சமவெளிக்கு அது தாராளம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டது. ஈரமான ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது. தண்ணீர் வழிக்கப்பட்ட பிறகே பிடிக்கும். அதற்குள் சைக்கிள் பல அடி தூரம் போயிருக்கும். தேயிலைத் தோட்டத்து மண்ணும் சாலை மணலும் சேர்ந்து ரிம்மில் சாம்பல் நிறக் குழம்பாக ஒட்டி, கட்டையையும் ரிம்மையும் சேர்த்தே அரைத்தன. ஐந்து வாரத்தில் ஒரு ஜோடி கட்டை தீர்ந்தது. வாங்கிய கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். 2009 நவம்பரில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய கேத்தியின் பக்கத்தில் வசிக்கிறவனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டாம் ஆண்டு டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு மாறினேன். ஈரத்திலும் பிடிக்கிறது, ரிம் தேயவில்லை. கேபிளில் இயங்குவது என்பதால், டிஸ்க்கைக் கவ்வும் பேட் தேயத் தேய நாமே முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகைக்கு அந்த வேலை இல்லை. பேட் வாங்கும்போது உலோகத்தூள் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள். சத்தம் போடும், ஆனால் மழையில் நீண்ட நாள் உழைக்கும். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே போகாதீர்கள். வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். சூடு ஆற இடைவெளி கிடைக்கும்.

மார்கழிக் குளிரில் விரல்கள் மரத்துப்போனால் எந்த பிரேக்கும் உதவாது. நல்ல கையுறைக்குச் செலவழியுங்கள்.

காலையில் வியர்க்காமல் அலுவலகம் போய்ச் சேருவது இந்த வழியின் பெரிய சுகம். மாலையில் ஸ்வெட்டரைக் கழற்றி கேரியரில் கட்டிக்கொண்டு ஏறி, வீட்டு வாசலிலேயே போட்டுக்கொள்கிறேன். வியர்வையோடு காற்றில் நின்றால் மறுநாள் சளி நிச்சயம். மூடுபனியில் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் கிளம்புவதே இல்லை. மலைச் சாலை குறுகிய இடங்களில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி என்பது விதி. பஸ் ஓட்டுநர்கள் பலர் அதைச் சைக்கிளுக்கும் தருகிறார்கள், அவர்களுக்கு நன்றி. காட்டெருமை சாலையில் நின்றால் மணி அடிக்காமல் தள்ளி நின்று, அது தோட்டத்துக்குள் இறங்கும்வரை காத்திருக்கிறேன். ஒருமுறை நாற்பது நிமிடம் ஆனது. மே மாதக் கூட்டத்தில் கார்கள் வரிசையாக நிற்கும்போது நான் மட்டும் நேரத்துக்குப் போய்விடுகிறேன்.

இந்த ஈரத்தில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுகிறேன். பெடல் அச்சு சுழலும் சென்டர் பேரிங் ஒருமுறை மாற்றியாயிற்று. பிரேக் டிஸ்க் புதிதில் 1.8 மில்லிமீட்டர் தடிமன் இருந்தது, 1.5-க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். சைக்கிள் கடை அண்ணன் சென்ற வாரம் அளந்து பார்த்தார். முன்சக்கரத்து டிஸ்க் 1.6. "மழைக்கு முன்னால் மாற்றிவிடு தம்பி" என்றார். புதியதற்குப் பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.