பொறி நல்லா வச்சாங்க, பவுடர்தான் தப்பு

பட்டா மாறுதலுக்குக் காசு கேட்கும் ஓர் அலுவலகம், பவானிப் பக்கத்து விசைத்தறிக்காரர், பொறி வைக்கும் லஞ்ச ஒழிப்புப் போலீஸ். படத்தின் கதை இவ்வளவுதான். ஈரோட்டில் பார்த்த பலரும் “முதல் பாதி சூப்பருங்க, அப்புறம் இழுத்துட்டாங்க” என்கிறார்கள். சரிதான், இடைவேளைக்கு அப்புறம் வரும் காதல் பாட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

பொறி வைக்கும் காட்சிதான் படத்தின் உயிர். நோட்டு எண்களைக் குறித்து, ஃபினாப்தலின் என்ற பவுடரைத் தடவி, வேறு துறை அலுவலர்களைச் சாட்சியாக உட்கார வைப்பதுவரை நிதானமாகக் காட்டுகிறார்கள். ஆனால் நோட்டைத் தொட்டதுமே விரல் சிவந்துவிடுகிறது! அந்தப் பவுடர் வெள்ளை; சோடியம் கார்பனேட் கரைசலில் விரலை முக்கினால்தான் கரைசல் இளஞ்சிவப்பாகும். சட்ட விஷயத்திலும் படத்தில் ஓட்டை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு, கட்டாயத்தால் லஞ்சம் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்யாவிட்டால் அவர்மேலும் வழக்கு வரலாம். நம்ம நாயகனோ முதல் தவணையைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் கம்முனு இருக்கிறார்.

வில்லன் குமாஸ்தா பிரமாதம். ஃபைலை மேசையில் நகர்த்தியே தொகையைச் சொல்லிவிடுகிறார்.

தறிக்கூடத்தில் நேரடி ஒலிப்பதிவு செய்தது வம்பு; டப்பிங் செலவை மிச்சம் பிடித்திருப்பார்கள் போல. வசனம் பாதி தறிச் சத்தத்தில் போகிறது. சவுண்டு நல்லா இருக்கிற தியேட்டராப் பார்த்துப் போங்க.