மிச்சச் சாயத்தை ‘புதுசாக்கித் தரும்’ கடை, உஷார்!

340 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்க எடுத்து வைத்த காசு. காசு போனதோடு முடியவில்லை, ஹால் முழுக்க அழுகிய முட்டை வாடை.

சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். கடைப் பெயர் போட மாட்டேன். சாயம், ஆணி, பைப் எல்லாம் விற்கும் சாதாரண ஹார்ட்வேர் கடைதான்.

போன தடவை அடித்த வெள்ளையும் சந்தன நிறமும் ஒவ்வொன்றிலும் பாதி தோங் (டின்) மிச்சம் இருந்தன. இரண்டும் தண்ணீர்ச் சாயம், மூடி இறுக்கி நிழலில் வைத்திருந்தது. கடைக்கார அண்ணன் மூடியைத் திறந்து குச்சியால் கலக்கித் தூக்கிக் காட்டினார். நூல் மாதிரி ஒழுகியது. “பாருங்க அக்கா, கட்டியே இல்லை. தூக்கிப் போட்டா பாவம். ரெண்டையும் ஒண்ணாக் கலந்து கலர் ஏத்தித் தர்றேன், அடியில சீலர் அடிச்சா போதும்.” எங்கள் அப்பா எந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டினார் என்பதுவரை விசாரித்தார். அப்படிப் பேசுகிற மனுஷனை யார் சந்தேகப்படுவார்கள்?

கலப்புக் கூலி 90, சீலர் 110, பத்தாததற்குப் புது வெள்ளை 140. மொத்தம் 340 வெள்ளி.

வீட்டுக்கு வந்த தோங்கைப் பார்த்ததும் அம்மாதான் கேட்டார், “நான் ஒட்டின டேப் எங்கடி?” என்று. எங்கள் தோங் மூடியில் அம்மா கையெழுத்தில் ‘ஹால்’ என்று எழுதி டேப் ஒட்டியிருந்தது. வந்ததில் டேப் இல்லை. மூடியின் உள்பக்கம் துரு, ஓரத்தில் காய்ந்த நீலம். எங்கள் வீட்டில் நீலமே அடித்ததில்லை! போன் போட்டால், “கலக்குறதுக்கு வேற தோங்ல ஊத்தினோம் அக்கா, அதே சாயம்தான்” என்றார்.

தம்பி அடித்தான். ஈரமாக இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் வாடை கிளம்பியது. சுவரைத் தடவினால் உள்ளங்கையெல்லாம் வெள்ளை மாவு, நகம் பட்டால் சீலரோடு சேர்ந்து தோலாக உரிகிறது. தண்ணீர்ச் சாயத்தில் பாக்டீரியா ஏறிவிட்டால் இப்படித்தான் நாறும், என்ன கலர் ஏற்றினாலும் போகாது. சாயக் கடை வைத்திருப்பவருக்கு இது தெரியாதா?

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் “சுவத்துல ஈரம் இருக்கு அக்கா.” அடுத்து “தம்பி தண்ணி அதிகமா ஊத்திட்டாப்ல.” நேரில் போனால் முதலாளி ஈப்போ போயிருக்கிறார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியாக, “திறந்த சரக்கைத் திருப்ப முடியாது, அதுவும் உங்க சாயம்.” என் சாயமா? என் சாயம் எங்கே போனது என்றுதானே கேட்கிறேன்! ரசீதைக் கேட்டால், முன்பு கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டுகிறார். அதில் ‘பெயிண்ட் 340’, அவ்வளவுதான். முத்திரைகூட இல்லை.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் வரவில்லை. இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தோங்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், கண் முன்னால் கலக்கச் சொல்லுங்கள். முகர்ந்து பாருங்கள். கலக்கியும் கட்டி கரையாவிட்டால் வேண்டாம். அட்டையில் கொஞ்சம் தடவி, காய்ந்த பிறகு சுரண்டிப் பாருங்கள், சீலரையும் சேர்த்துத்தான். கதவுக்கு அடிக்கும் எண்ணெய்ச் சாயத்தைத் தண்ணீர்ச் சாயத்தோடு கலக்கவே விடாதீர்கள். முத்திரை போட்ட ரசீது வாங்குங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. படம், துண்டுச் சீட்டு, வாட்ஸ்அப் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். 340 வெள்ளியை நான் விடப்போவதில்லை. அந்தக் கடையில் வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் போடலாம்.