காந்தி வீதியில் 220 ரூபாய்க்கு வாங்கிய லாங்மேன்

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில், சட்டைக் குவியல்களுக்கு நடுவே ஒருவர் பழைய புத்தகங்களைப் பரப்பியிருந்தார். லாங்மேன் கன்டெம்பரரி இங்கிலீஷ் அகராதி, 2009இல் வந்த ஐந்தாம் பதிப்பு. 350 சொன்னார், 220க்குக் கொடுத்தார். கூட வரவேண்டிய டிவிடி இல்லை. இருந்தாலும் அதைப் போட்டுப் பார்க்க என்னிடம் கருவி ஏது?

வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வெளிநாட்டவர் வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரங்களை அரசின் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு அம்மாவின் விசா நகலில் எண் மங்கலாக இருந்தது. "ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் விசா" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். பத்தே நிமிடத்தில் முகம் சிவக்கக் கீழே வந்து நின்றார். விசா போலி என்று சொல்கிறாயா என்கிறார்! "சார், ஒரு டவுட்" என்று வகுப்பில் கை தூக்கியே வளர்ந்தவன் நான். நமக்குக் கேள்வி கேட்பதும் சந்தேகம்தான், ஆளை நம்பாததும் சந்தேகம்தான். அவருக்கு அப்படியில்லை.

வீட்டிலிருந்த ஆங்கிலம்-தமிழ் அகராதி "சந்தேகம், ஐயம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. லாங்மேனில், ஒன்று உண்மையா சரியா என்று உறுதியில்லாத உணர்வு என்று விளக்கம், கூடவே எடுத்துக்காட்டு வாக்கியங்கள். அவற்றில் ஒன்றில்கூட யாரும் கை தூக்கவில்லை.

இதன் பலமே அதுதான். விளக்கங்களை ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதுகிறார்கள், 1978இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே. அதனால் ஒரு சொல்லைத் தேடிப் போய் இன்னொரு சொல்லில் மாட்டிக்கொள்வதில்லை. அதிகம் புழங்கும் 3000 சொற்கள் சிவப்பில் இருக்கின்றன. பக்கத்தில் எஸ்1 என்றிருந்தால் பேச்சில் முதல் ஆயிரத்துக்குள், டபிள்யூ1 என்றால் எழுத்தில். கொடுப்பதற்கான லெண்ட், வாங்குவதற்கான பாரோ இரண்டையும் நாம் "கடன்" என்ற ஒரே பைக்குள் போட்டுக் குழப்புவோமே, இதைப் புரட்டிய பிறகு அந்தத் தப்பு என்னிடம் நின்றுவிட்டது. "டிஸ்கஸ் அபௌட்" என்று எழுதுவதையும் விட்டுவிட்டேன், டிஸ்கஸ் என்றாலே போதும், அபௌட் வேண்டாம். எங்கள் முதலாளி இன்னும் விடவில்லை, நானும் திருத்தப் போவதில்லை.

குறைகள் இல்லாமலில்லை. எழுத்து பொடி. எடையோ, முத்தியால்பேட்டை வருவதற்குள் துணிப்பையின் கைப்பிடி அறுந்தது. தமிழில் ஒரு சொல்லை நினைத்துக்கொண்டு ஆங்கிலச் சொல்லைத் தேட இது உதவாது. பத்தாவது படிக்கும் அக்கா மகளுக்கு இதை வாங்கித் தர மாட்டேன். இணையத்தில் உச்சரிப்பு ஒலியோடு இலவசமாகவே பார்க்கலாம் என்பதும் உண்மை. ஆனால் ரிசப்ஷனில் கையில் போன் இருந்தால் எங்கள் முதலாளிக்கு ஆகாது. புத்தகம் விரித்து வைத்திருந்தால் ஒன்றும் சொல்வதில்லை.

அப்புறம், நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று. போன வாரம் ஒரு பிரெஞ்சுக்காரர் "ஐ ஆம் வெரி சென்சிபிள் டு சில்லி" என்றார். லாங்மேனைப் பார்த்தால் மிளகாய் விஷயத்தில் அவர் பெரிய விவேகி. பிரெஞ்சில் சான்சிப்ள் என்றால் எளிதில் பாதிக்கப்படுகிறவர் என்று பொருளாம், விடுதிக்குக் காய் கொண்டு வரும் பெரியவர்தான் சொன்னார். சமையலறையில் காரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன்.