கேட்ஹெரின், செலக்டின், இன்டெக்ரின்: ஒரு வெட்டுக்காயத்தில் யாருக்கு என்ன வேலை?

குலசேகரம், அருமனை பக்கம் விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு விரலில் கத்தி படுவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். செல்களை ஒட்டவைக்கும் மூலக்கூறுகளை ஒப்பிட அந்தக் காயமே போதும். பாடப்புத்தகத்தில் எல்லாவற்றையும் 'பசை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வேலையைப் பார்த்தால் மூன்றும் மூன்று ரகம்.

வெட்டுப்படாத தோலில் செல்லோடு செல்லைக் கோத்து வைத்திருப்பது கேட்ஹெரின். பெரும்பாலும் தன் இனத்தையே பிடிக்கும். கால்சியம் இல்லாவிட்டால் பிடி தளர்ந்துவிடும். உறுதிக்கு மட்டும் மார்க் போட்டால் இதற்குத்தான் முதலிடம். தோலில் உள்ள டெஸ்மோகிளைன் இந்தக் குடும்பம்தான். பெம்ஃபிகஸ் நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்கும். வாயிலும் தோலிலும் கொப்புளங்கள் கிளம்பும். விரலால் லேசாகத் தேய்த்தாலே மேல்தோல் உரிந்து வரும்.

செலக்டின் இதற்கு நேர்மாறு, பிடித்தும் பிடிக்காமலும் இருப்பதே அதன் வேலை. காயம் பட்ட சில நிமிடங்களில் ரத்தக்குழாயின் உட்சுவரில் பி-செலக்டின் தலைகாட்டும். அது முன்பே செய்து வைத்த சரக்கு. இ-செலக்டின் புதிதாகத் தயாராக வேண்டும், சில மணி நேரம் பிடிக்கும். ரத்தத்தோடு ஓடிவரும் வெள்ளணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியை இவை தொட்டுத் தொட்டு விடுவதால் அது உருண்டு வேகம் குறைகிறது. நிறுத்துவது மட்டும் செலக்டினால் ஆகாது.

நிறுத்துவது இன்டெக்ரின். எனக்கு இதுதான் மூன்றிலும் கெட்டிக்காரன். ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு சங்கிலிகள். மனித உடம்பில் 18 ஆல்ஃபாவும் 8 பீட்டாவும் சேர்ந்து 24 ஜோடிகள். சும்மா இருக்கும்போது மடங்கிக் கிடக்கும். செல்லுக்குள்ளிருந்து டாலின் என்ற புரதம் வந்து வாலில் ஒட்டினால் நிமிரும். கெட்டிப் பிடி அதற்கப்புறம்தான். வெளியே எதைப் பிடித்திருக்கிறோம் என்ற சேதியையும் உள்ளே அனுப்பும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டுகளில் உள்ள இன்டெக்ரின் எப்போதும் நிமிர்ந்தே இருந்தால் என்ன ஆகும்? காயமே இல்லாமல் ரத்தம் கட்டிக்கொள்ளும். காயம் ஆறும்போதும் தோல் செல்கள் கேட்ஹெரின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, இன்டெக்ரினால் காயத்திலுள்ள ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தைப் பற்றிப் பற்றித்தான் ஊர்ந்து வந்து மூடுகின்றன.

பழுது வந்தால் தெரியும் சேதி. தட்டுகளின் இன்டெக்ரின் பிறவியிலேயே குறைந்தால் கிளான்ஸ்மேன் நோய். சின்ன வெட்டும் லேசில் நிற்காது. வெள்ளணுவின் இன்டெக்ரினில் பீட்டா-2 சங்கிலி இல்லையென்றால் பிறந்த குழந்தைக்கு வாரக்கணக்கில் தொப்புள்கொடி விழாது. ரத்தத்தில் வெள்ளணு நிரம்பி வழிந்தும் புண்ணில் சீழ் கட்டாது, ஏனென்றால் ஒன்றும் குழாயை விட்டு இறங்குவதில்லை.

மருந்துக்கு எதைக் குறிவைக்கலாம் என்றால் என் ஓட்டு இன்டெக்ரினுக்கே. நம் ஊர் வறண்ட பொட்டலில் திரியும் சுருட்டை விரியனுக்கு இது முன்பே தெரிந்த சங்கதி. அதன் விஷத்தில் உள்ள எகிஸ்டாட்டின் தட்டுகளின் இன்டெக்ரினை அடைத்துவிடும். அதை மாதிரியாக வைத்துச் செய்ததுதான் மாரடைப்பு சிகிச்சையில் பயன்படும் டிரோஃபிபான்.

ஆபத்தும் உண்டு. ஆல்ஃபா-4 இன்டெக்ரினைத் தடுக்கும் நாடலிசுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் 2004-ல் அனுமதி பெற்று, மூளையைத் தாக்கும் ஒரு வைரஸ் தொற்றால் 2005-ல் நிறுத்தப்பட்டு, 2006-ல் கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது. 2014-ல் வந்த வெடோலிசுமாப் ஆல்ஃபா-4 பீட்டா-7 ஜோடியை மட்டும் தொடுகிறது. அந்த ஜோடியை வைத்து வெள்ளணுக்கள் இறங்குவது முக்கியமாகக் குடலில்தான். குடல் அழற்சிக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் வெடோலிசுமாபைத்தான் முதலில் சொல்வேன்.