இங்கேயே கட்டித் தருவார்களா, பெரும்பாக்கமா? சென்னைக் குடிசைப் பகுதித் திட்டங்கள்: ஓர் ஒப்பீடு

குடிசைப் பகுதி மக்களுக்கு வீடு கட்டித் தரும் அரசு வாரியத்திலிருந்து கணக்கெடுக்க ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்தால், வட சென்னையின் எந்தத் தெருவிலும் அன்று ராத்திரி ஒரே பேச்சுதான்: "இங்கயே கட்டித் தருவாங்களா, இல்ல பெரும்பாக்கத்துக்கு அனுப்பிடுவாங்களா?" கேட்பவர்களுக்குத் தெரிந்த வழிகள் இந்த இரண்டும்தான். மூன்றாவது ஒன்றும் இந்த ஊரில் நடந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பெரும்பாக்கம், அதாவது ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியேற்றும் வழி. 2000-ஐ ஒட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. இன்று 15,000 வீடுகளுக்கு மேல். அதற்கும் தெற்கே, எட்டு அடுக்குக் கட்டடங்களாக, 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளோடு பெரும்பாக்கம். கணக்குப் போட்டால் அரசுக்கு இது எளிது. ஒரே இடத்தில் நிலம், ஒரே வரைபடம், ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான சாவிகள். ஆற்றங்கரைக் குடிசையோடு வைத்துப் பார்த்தால் வீடும் மோசமில்லை. கழிப்பறை உள்ளேயே இருக்கிறது, கூரை ஒழுகாது.

குடும்பக் கணக்கு வேறு. மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சம்பளம் அந்த நான்கு வீட்டுக்கும் நடந்தே போக முடிவதில்தான் இருந்தது. காலையில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மதியம் மறுபடி போவார். 20 கிலோமீட்டருக்கு அப்பால் போன பிறகு ஒரு நாளில் இரண்டு நடை நடக்காது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் மிச்சமாவது காசு, நேரமல்ல. மீன் விற்பவர், பூ கட்டுபவர், மூட்டை தூக்குபவர் எல்லோருக்கும் இதே கதைதான். 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாழ்வாதாரமும் வாழும் உரிமையில் அடக்கம் என்றது. நடைபாதையில் குடியிருப்பவர்கள் பிழைப்புக்குப் பக்கத்தில் இருக்கவே அங்கே இருக்கிறார்கள் என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. நாற்பது ஆண்டுகள் ஆகியும் வீட்டின் சதுர அடியை அளக்கும் நாம் வேலைக்கான தூரத்தை அளப்பதில்லை.

இதில் ஒரு முரண்நகையும் உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, கரையோரம் இருந்தால் ஆபத்து என்று சொல்லிக் கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்தச் சுற்றுவட்டாரமே தண்ணீரில் நின்றது.

கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்களே, அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்கியவர்கள் இப்போது படம் எடுக்கவாவது வருகிறார்கள். ஆனால் அதைப் புத்துயிர்ப்பு என்று அழைப்பதற்கு முன் இன்னும் நாலு பேருந்து விட்டிருக்கலாம்.

அடுத்தது, இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டுவது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் பிறந்ததே இந்த எண்ணத்தில்தான். எழுபதுகளில் கட்டிய லிஃப்ட் இல்லாத மாடிக் குடியிருப்புகள் நகரின் நடுவிலேயே நின்றன. இன்று அவை கிழடாகிவிட்டன. பழசு மட்டுமா? 1993-ல் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட தொகுதி 2021 டிசம்பரில் அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. ஆகவே இடிக்க வேண்டும் என்பதில் வாதமில்லை. அதே ஆண்டு வாரியமும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. மக்கள் வாயில் அது இன்னும் ஹவுசிங் போர்டுதான்.

இந்த வழியில் வேலை போகாது, பள்ளி மாறாது, ரேஷன் கடைகூட மாறாது. எனக்குப் பிடித்த வழியும் இதுதான். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. இடிப்பதற்கும் திரும்பி வருவதற்கும் நடுவில் உள்ள காலத்தில். கட்டி முடியும்வரை வெளியே வாடகைக்குத் தங்க வாரியம் தரும் கருணைத் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தியது நல்ல காரியம். கட்டி முடிக்க ஒன்றரை ஆண்டு என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய் வருகிறது. அந்த வாடகைக்குச் சென்னையில் எந்த வீட்டின் கதவு திறக்கும்? வேலை இழுத்தடித்தால் அதுவும் கரையும். பழைய ஒரு வீட்டில் அப்பா குடும்பம், அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம் என்று மூன்று அடுப்பு எரிந்திருக்கும். ஒதுக்கீட்டு ஆணை ஒரு பேரில்தான் இருக்கும். மற்ற இரண்டு அடுப்பும் எங்கே போவது?

தரமும் ஒரு கவலை. 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புத்தம்புது அடுக்குமாடியில் சுவரைத் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததையும், அரசு ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு ஆராய நேர்ந்ததையும் யாரும் மறக்கவில்லை. லிஃப்ட் வைத்த கட்டடம் என்றால் மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் உண்டு. லிஃப்ட் நின்றுபோனால் எட்டாவது மாடிப் பாட்டிக்குப் பழைய மூன்று மாடியே தேவலை.

மும்பையில் இதையே தனியார் கட்டுநரிடம் கொடுத்தார்கள். குடியிருப்பவர்களுக்கு வீடு இலவசம், கட்டுநருக்கு அங்கே கூடுதலாகக் கட்டி விற்கும் உரிமை. அங்கே குறிப்பிட்ட விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டால்தான் வேலை தொடங்கும் என்பது நாம் கடன் வாங்க வேண்டிய விதி. வெளிச்சமும் காற்றும் நுழையாத அளவுக்குக் கட்டடங்களை நெருக்கி வைத்ததைக் கடன் வாங்க வேண்டாம்.

இனி அந்த மூன்றாவது வழி. 1977-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரசு வீடு கட்டித் தரவில்லை. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனை பிரித்து, தெரு போட்டு, குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் கொடுத்தது. கையில் காசு வர வர அவரவர் கட்டிக்கொண்டார்கள். குடிசைப் பகுதிகளிலோ ஆட்களை நகர்த்தாமல் அங்கேயே வசதி செய்து, மனையைத் தவணையில் அவர்களுக்கே எழுதிக் கொடுக்க முனைந்தது. உலக வங்கி பின்னர் இந்த வகைத் திட்டங்களிலிருந்தே ஒதுங்கியது. இருபது ஆண்டு கழித்துச் சென்னை, மும்பை மனைப் பகுதிகளுக்குப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட கட்டுரையில், நன்றாக வளர்ந்த, பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் பேட்டைகளைக் கண்டதாக எழுதினார்கள். ஒரு தலைமுறையில் கூரை தளமாகி, தளத்தின் மேல் மாடி வந்து, மாடி வாடகைக்குப் போயிருக்கிறது. அடுக்குமாடியில் இந்த வளர்ச்சிக்கு இடமே இல்லை. 400 சதுர அடி என்றைக்கும் 400 சதுர அடிதான்.

இந்த வழியின் ஓட்டை பத்திரத்தில் இருக்கிறது. தவணையைக் கட்டி முடித்த பிறகும், நிலம் வேறு துறையின் பேரில் இருப்பதால் கிரயப் பத்திரம் கிடைக்காமல் அலைந்த குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். ரசீதுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருப்பார்கள்.

மூன்றில் எது நல்லது என்று கேட்டால், பழைய போர்டு வீட்டுக்காரர்களுக்கு அதே இடத்தில் மறுகட்டுமானம்தான். திரும்பி வரும் தேதியும் வீட்டு எண்ணும் காலி செய்வதற்கு முன்பே காகிதத்தில் வர வேண்டும். வாய்வார்த்தை போதாது. தெருவாக அமைந்துவிட்ட குடிசைப் பகுதிக்கு இடிப்பே வேண்டாம், பட்டாவும் பாதாளச் சாக்கடையும் போதும்.

ஆனால் கால்வாய்க் கரையில் இருப்பவரிடம் இந்தத் தேர்வை யாரும் நீட்டுவதில்லை. அவர் நிலம் 'ஆட்சேபனைக்குரிய புறம்போக்கு', அதாவது நீர்நிலைக் கரைபோல யாரும் குடியிருக்கக் கூடாது என்று அரசு சொல்லும் நிலம். அந்த ஒரு சொல்லிலேயே அவர் எங்கே போவார் என்பது முடிவாகிவிடுகிறது. கரையைக் காலி செய்தே தீர வேண்டும் என்றால், அதே பகுதியில் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் காலியாகக் கிடக்கும் அரசு நிலத்தின் பட்டியலை முதலில் மேசையில் வையுங்கள் என்று கேட்பதுதான் அவருக்கு உள்ள வழி. கணக்கெடுக்க வந்தவர் பெயர், கைரேகை எல்லாம் வாங்கிக்கொண்டு கிளம்புவதற்குள் அதைக் கேட்டுவிட வேண்டும்.