சிப்ரிகுரோமிஸ்: டஜனாக வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்

இந்தத் தொட்டி மீனை சென்னை கொளத்தூர் மீன் கடையில் வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது, இனி தைரியமாக எழுதலாம். நம் ஊர்க் கடைகளில் 'ஆப்பிரிக்கன்' என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றையொன்று துரத்தும் மலாவி ஏரி மீன்களைத்தான் காட்டுவார்கள். சிப்ரிகுரோமிஸ் லெப்டோசோமா அந்த ரகமே இல்லை. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியின் நடுத்தண்ணீரில் பெருங்கூட்டமாகத் திரிந்து, மிதக்கும் பொடி உயிர்களைப் பொறுக்கித் தின்னும் ஒல்லி மீன், நாலு அங்குலம் வளரும்.

விலை கொஞ்சம் கடிக்கும். அதனால் ஆறு போதும் என்றேன். கடைத் தம்பி, "ஆறு வேணாம்ணா, மூலையில ஒண்டிக்கும், பன்னெண்டா எடுங்க" என்றான். வியாபாரப் பேச்சு என்று நினைத்து ஆறோடு வந்தேன், பதினைந்து நாள் ஆறும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னாலேயே கிடந்தன. மறுபடி போய் எட்டு வாங்கி விட்ட பிறகுதான் 5 அடித் தொட்டி முழுக்க நீந்த ஆரம்பித்தன. ஆண்களில் சிலதுக்கு வால் மஞ்சள், சிலதுக்கு நீலம். வேறு ரகம் கலந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், ஒரே கூட்டத்தில் இரண்டும் இருக்கும்.

தண்ணீருக்குக் கவலை இல்லை. செடித் தொட்டிக்காரர்கள் திட்டித் தீர்க்கும் எங்கள் தெரு உப்புப் போர் தண்ணீர் இதற்கு அமிர்தம், பிஎச் 8-க்கு மேல்தான் கேட்கும். வெயில்தான் தொல்லை. 25, 26 டிகிரியில் இருக்க வேண்டிய மீன், மே மாதத்தில் என் தொட்டி 32. ஃபேன் காற்று படட்டும் என்று மூடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன், அந்த இடுக்கில் ஒரு ஆண் குதித்து, காலையில் அம்மா பெருக்கும்போது சோபா அடியில் கருவாடாகக் கிடைத்தது. இப்போது மூடிக்குப் பதில் சட்டம் அடித்த கொசுவலை. காற்றும் போகிறது, மீனும் தாண்டவில்லை.

கொடுத்த காசு முழுக்க அடைந்தது இனப்பெருக்கத்தைப் பார்த்தபோதுதான். கல்லும் வேண்டாம், குழியும் வேண்டாம். ஆண் துடுப்பை விரித்து நடுங்கிக்கொண்டு நிற்க, பெண் அந்தரத்திலேயே ஒரு முட்டையை விட்டு, சட்டென்று திரும்பித் தலைகீழாகப் பாய்ந்து, அது தரையைத் தொடுவதற்குள் வாயில் கவ்விக்கொள்கிறது. அப்புறம் மூன்று வாரம் தாடை உப்பிப் பட்டினி. அந்தச் சமயத்தில் வலை போட்டுத் துரத்தினால் துப்பிவிடும். நான் துரத்தித்தான் முதல் ஈட்டைக் கெடுத்தேன். இரண்டாம் முறை சும்மா விட்டேன், ஒன்பது குஞ்சு. ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே இருந்தன, முதல் நாளே ஆர்டீமியா என்ற பொடி இறால் குஞ்சுகளைத் தின்றன, மேல்மட்டத்தில் தனிக் கூட்டமாகத் திரிகின்றன, பெரியவை சீண்டவே இல்லை.

இன்னொன்று. கூடவே ஃப்ரொண்டோசா என்ற பெரிய மீனை விடலாம், அதுவும் டாங்கனிக்காதான் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். ஏரியில் அதற்குச் சாப்பாடே நம்ம சிப்ரிகுரோமிஸ்தான்.